கூரையா, டிக்கிக் கதவா? குடும்பக் காரில் சைக்கிள் கொண்டு செல்லும் கேரியர்கள்: ஓர் ஒப்பீடு

14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏலகிரிக்குப் போயிருந்தபோதுதான், புங்கனூர் ஏரியை ஒட்டிய சாலைகளில் எங்கள் சைக்கிள்களும் உடன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கும் என் மனைவிக்கும் தோன்றியது. சென்னையில் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிற அதே சைக்கிள்களை மலைக்கு எப்படிக் கொண்டு செல்வது என்ற கேள்விக்கு நாங்கள் கண்ட முதல் விடை சரியானதாக அமையவில்லை. டிக்கிக் கதவில் பட்டைகளால் கட்டும் கேரியரை வாங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு கூரை கேரியருக்கு மாறினோம். மாறி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இரண்டையும் சொந்தப் பணத்தில் வாங்கியவன் என்ற முறையில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் சாய்வு கூரையின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது எர்டிகா. உயரம் 1.69 மீட்டர், அகலம் 1.73 மீட்டர். ஏற்ற வேண்டியவை தலா 14 கிலோ எடையுள்ள பெரியவர் சைக்கிள்கள் இரண்டும், மகளின் 20 அங்குலச் சக்கர சைக்கிள் ஒன்றும். மூன்றாம் வரிசை இருக்கையை மடித்தால் மகளின் சைக்கிள் உள்ளேயே படுத்துவிடுகிறது. ஆனால் இரண்டாம் வரிசையில் ஆட்கள் இருக்கும்போது பெரியவர் சைக்கிளை உள்ளே வைக்க வழியில்லை. குழந்தைகள் இல்லாமல் இருவர் மட்டும் பயணம் செய்பவர்கள் பின்னிருக்கைகளை மடித்து, முன்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை உள்ளே வைத்துப் பார்த்த பிறகு கேரியர் வாங்குவதைப் பற்றி யோசிப்பது நல்லது.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். டிக்கி கேரியர் மலிவு. எனக்கு ஆறாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கூரைக்குக் குறுக்குக் கம்பிகள், சைக்கிளை நிறுத்தும் இரண்டு தட்டுகள், பூட்டுகள் எல்லாம் சேர்த்து அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஆனது. டிக்கி கேரியரில் சைக்கிளை இடுப்புயரத்துக்குத் தூக்கினால் போதும். கூரைக்குத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கூரையில் சைக்கிள்கள் நிற்கும்போது காற்றின் தடையும் இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும். இந்த மூன்றையும் மட்டும் வைத்துப் பார்த்தால் டிக்கி கேரியர்தான் வெல்லும். அதனால்தான் நாங்களும் அதை முதலில் வாங்கினோம்.

முடிவை மாற்றியது நம்பர் பிளேட். இரண்டு சைக்கிள்களைப் பின்னால் தொங்கவிட்டால், எங்கள் காரைப் போல டிக்கிக் கதவிலேயே நம்பர் பிளேட் உள்ள வண்டிகளில், சக்கரங்களும் சட்டங்களும் பெடல்களும் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன. பெரியவர் சைக்கிள் ஒன்றின் நீளம் ஏறத்தாழ காரின் அகலத்துக்குச் சமம் என்பதால், இரு ஓரங்களிலும் உள்ள பின்விளக்குகளுக்கு முன்னாலும் டயர்கள் வந்து நிற்கும். முதல் ஆண்டில் இதை நான் பெரிதாக எண்ணவில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு சோதனையில் எங்களை நிறுத்திய காவலர், பின்னால் வரும் யாருக்கும் எண் தெரியவில்லை என்று பொறுமையாகச் சுட்டிக்காட்டியபோது எனக்கு மறுமொழி இல்லை. ஒரு சைக்கிளை அவிழ்த்து, கூட வந்த உறவினரின் காரில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்துக் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தோம்.

ஊர் திரும்பியதும், வெளிநாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடினேன். பிரிட்டனில் பின்புறக் கேரியர் நம்பர் பிளேட்டை மறைத்தால், அதே எண் கொண்ட கூடுதல் பிளேட்டையும், விளக்குகள் மறைந்தால் அவற்றுக்கு ஈடான விளக்குப் பலகையையும் சைக்கிள்களுக்குப் பின்னால் பொருத்தியாக வேண்டும். அங்கே அது கடையில் எளிதில் கிடைக்கிற பொருள். கேரியரை வடிவமைப்பவர்களும் அதை மனத்தில் வைத்தே வடிவமைக்கிறார்கள். இந்தியாவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதில் அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரால் பொறிக்கப்பட்ட தனி எண்ணும் இருக்கும். பின்பக்கப் பிளேட்டை, கழற்ற முயன்றால் உடைந்துபோகிற பூட்டு ஆணியால் வண்டியோடு பிணைத்திருப்பார்கள். திருட்டையும் போலி எண்களையும் தடுக்க வந்த ஏற்பாடு அது. அந்த நோக்கத்தில் எனக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் அதன் விளைவாக, இருக்கிற பிளேட்டைக் கழற்றி சைக்கிளுக்குப் பின்னால் மாட்டவும் முடியாது, கடையில் இன்னொன்று எழுதி வாங்கி மாட்டினால் அது செல்லுபடியாகும் பிளேட்டாகவும் ஆகாது. எந்த நாட்டுச் சாலைக்காக உருவான பொருளோ அந்த நாட்டில் அதோடு சேர்த்து விற்கப்படும் தீர்வு நமக்குக் கிடைக்காத நிலையில், பொருளை மட்டும் இறக்குமதி செய்து என்ன பயன் என்ற கேள்விக்கு நான் விடை காணவில்லை.

அபராதம் மட்டும் என்றால் பணத்தோடு போகும். நான் அஞ்சியது விளக்குகளைப் பற்றித்தான். இரவில் நான்குவழிச் சாலையில், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு என் பிரேக் விளக்கு சக்கரக் கம்பிகளுக்கு நடுவே சிதறித்தான் தெரியும். உள்ளே பின்னிருக்கையில் என் மகள் உறங்கிக்கொண்டிருப்பாள். இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் செலவு தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

டிக்கி கேரியருக்கு வேறு குறைகளும் உண்டு. மேல்கொக்கிகள் டிக்கிக் கதவின் தகட்டு விளிம்பைத்தான் பற்ற வேண்டும். அங்கே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தால் அழுத்தம் அதன் மேல் விழும். பட்டைகளை எவ்வளவு இறுக்கினாலும் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை தளர்ச்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. பட்டைக்கு அடியில் சேர்ந்த தூசி, இரண்டு ஆண்டுகளில் பெயின்ட்டில் மங்கலான தடங்களை உண்டாக்கிவிட்டது. காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்க்கும் இடம் அது. சைக்கிள்கள் இருக்கும்போது டிக்கியைத் திறக்க முடியாது. குழந்தையுடன் போகிறவர்களுக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும். மாற்றுத்துணிப் பை உள்ளே மாட்டிக்கொண்டிருக்க, சாலையோரத்தில் இரண்டு சைக்கிள்களை இறக்கி ஏற்றிய அனுபவம் எங்களுக்கு உண்டு.

கூரை கேரியரில் இரண்டு வகை. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் கவையான முன்ஃபோர்க்கைக் கேரியரில் பூட்டுவது ஒன்று. சக்கரத்தோடு தட்டில் நிறுத்தி, சட்டத்தின் கீழ்க்குழாயைக் கேரியரின் கை ஒன்றால் கவ்வுவது மற்றொன்று. ஃபோர்க் வகையில் உயரம் குறையும், பிடியும் உறுதி. ஆனால் சைக்கிளின் அச்சு எந்த அளவு என்று பார்த்து வாங்க வேண்டும்: பழைய விரைவுப்பூட்டு (quick release) அச்சுக்கு உரிய கேரியர் 12 அல்லது 15 மில்லிமீட்டர் துளை அச்சுக்கு (thru-axle) பொருந்தாது, இடைப்பொருத்தி தேவைப்படும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிவிட வேண்டும். இல்லையேல் தவறுதலாகக் கைப்பிடியை அழுத்தினால் பேடுகள் நெருங்கிவிடும். சட்டத்தைக் கவ்வும் வகை எங்களுக்கு ஏற்றதாக இருந்தது, எங்கள் சைக்கிள்கள் அலுமினியச் சட்டம் கொண்டவை என்பதால். கார்பன் சட்டம் வைத்திருப்பவர்கள் அதை வாங்க வேண்டாம். குழாயைச் சுற்றி இறுகும் பிடியைத் தாங்க அந்தச் சட்டம் உருவாக்கப்படவில்லை.

எடைக் கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். கம்பிகள் 6 கிலோ, தட்டுகள் இரண்டும் 8 கிலோ, சைக்கிள்கள் 28 கிலோ. ஆக 42 கிலோ. பொதுவாகக் குடும்பக் கார்களின் கூரை 50 முதல் 75 கிலோ வரை தாங்கும் என்றாலும், உங்கள் காரின் கையேட்டில் அச்சிட்ட எண் ஒன்றையே நம்ப வேண்டும். மூன்றாவது சைக்கிளைக் கூரையில் ஏற்றும் ஆசையை நாங்கள் இந்தக் கணக்கால்தான் கைவிட்டோம்.

உயரம் கூரை கேரியரின் உண்மையான ஆபத்து. 1.69 மீட்டர் காரின் மேல் தட்டும் சைக்கிளும் சேர்ந்து ஏறத்தாழ 2.85 மீட்டர் ஆகிவிடுகிறது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவுடன் மேலே சைக்கிள் இருப்பது மறந்துபோகும் என்பதால், இந்த எண்ணை எழுதி ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். வணிக வளாகங்களின் கீழ்த்தளப் பார்க்கிங், ரயில்வே சுரங்கப்பாதைகளின் முன் நிற்கும் உயரத் தடுப்பு, எங்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்துமிடம் ஆகிய மூன்றுக்கும் சைக்கிளோடு போவதில்லை என்று முடிவுசெய்துகொண்டோம். வீட்டுக்கு வந்ததும் முதலில் தெருவிலேயே சைக்கிள்களை இறக்கிவிடுகிறோம். தூக்குவதற்கு இரண்டு படி கொண்ட மடக்கு ஸ்டூல் ஒன்று காரிலேயே இருக்கிறது. அதில் ஏறி, முதலில் பின்சக்கரத்தைத் தட்டில் வைத்து, பிறகு முன்பக்கத்தை உயர்த்தினால் என் மனைவியால் தனியாகவே ஏற்ற முடிகிறது.

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்குப் பராமரிப்பு முக்கியம். உப்புக் காற்றில் இரும்புக் கம்பிகள் விரைவில் துருப்பிடிக்கும். அலுமினியக் கம்பிகளாகவே வாங்கினாலும் போல்ட்டுகள் இரும்புதான். பயணம் முடிந்ததும் கம்பிகளைக் கழற்றி, துடைத்து, போல்ட்டுகளில் கிரீஸ் தடவி வைக்கிறோம். இதற்கு இருபது நிமிடங்கள் போதும். கூரையில் ரெயில் இல்லாத கார்களில் கம்பிகளின் கால்கள் கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொள்வதால், அந்த இடத்தில் மணல் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழுவைக் கொக்கியில் பொருத்தும் மேடை வகைக் கேரியரை நண்பர் ஒருவரின் எஸ்யூவியில் ஒரே ஒரு முறை பார்த்தேன். ஏற்றுவது மிக எளிது, சாய்த்தால் டிக்கியும் திறக்கிறது. ஆனால் நம் ஊர்க் குடும்பக் கார்கள் பெரும்பாலும் இழுவைக் கொக்கி இல்லாமலே வருகின்றன. நம்பர் பிளேட்டை மறைக்கும் சிக்கலும் அப்படியே நிற்கிறது. ஒரு பயணத்தைக்கூட அதில் செய்யாத நான் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

நம்பர் பிளேட் டிக்கிக் கதவில் இல்லாமல் பம்பரில் தாழ்வாக அமைந்த கார், ஒரே ஒரு சைக்கிள், பகல் நேரப் பயணம் என்று மூன்றும் கூடிவந்தால் டிக்கி கேரியரே போதும் என்று சொல்வேன். கடைக்குப் போகும் முன் ஒருவர் சைக்கிளை காரின் பின்புறத்தில் அந்த உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க, நீங்கள் இருபது அடி பின்னால் போய் நின்று எண்ணும் இரு விளக்குகளும் முழுமையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.