உள்ளே, வெளியே, நடுவே: ரோட்டோ மென்பொருளின் ஷேப் பிளரோடு சில ஆண்டுகள்

ஆண்டிறுதித் தள்ளுபடி அறிவிப்பு வந்ததும், சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சிறிய படத்தொகுப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணா, நீங்கள் வெகுநாளாக வைத்திருக்கும் அந்த ரோட்டோ மென்பொருளை இந்த விலைக்கு வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். கைப்பேசியில் இரண்டு வரியில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். ரோட்டோ என்றால், காட்சியில் உள்ள ஆளையோ பொருளையோ சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு வரைந்து பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. அப்படி வரையும் மூடிய கோடுதான் ஷேப். மென்பொருளின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். தொழிலில் இருப்பவர்கள் குறைகளைப் படித்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்ப்லைன் (வளைகோடு) வகைகள், அசைவைப் பின்தொடரும் டிராக்கர், ஏற்றுமதி வசதிகள் எல்லாம் விளம்பரத்தில் சொன்னபடியே வேலை செய்கின்றன. எனக்குப் பேச வேண்டியிருப்பது ஒவ்வொரு ஷேப்புக்கும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும், ஓரத்தை மென்மையாக்கும் பிளர் அமைப்பைப் பற்றி மட்டுமே. இந்த மென்பொருளை நான் விடாமல் வைத்திருப்பதற்கும், அடிக்கடி திட்டுவதற்கும் அதுவே காரணம்.

முதலில் நியாயமாகப் பாராட்ட வேண்டியது. பிளர் எத்தனை பிக்சல் என்பதைக் காட்டிலும், அது கோட்டின் எந்தப் பக்கம் பரவுகிறது என்பதே மேட்டின் (எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று காட்டும் கருப்பு வெள்ளைப் படத்தின்) தரத்தைத் தீர்மானிக்கிறது. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் மாஸ்க் ஃபெதருக்கு (அங்கே ஓர மென்மைக்குப் பெயர் அதுதான்) 25 என்று கொடுத்தால், 12.5 பிக்சல் கோட்டுக்கு உள்ளேயும் 12.5 பிக்சல் வெளியேயும் போகும். நீங்கள் ஓரத்தை எவ்வளவு துல்லியமாக வரைந்திருந்தாலும், மென்மையில் பாதி பின்னணியின் மேல் படர்ந்து அதன் நிறத்தையும் சேர்த்து இழுத்துவரும். நண்பகலில் சிங்கப்பூரின் வெளுத்த வானத்துக்கு எதிரே எடுத்த ஒரு கருநீலப் புடவையை, சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டுக்கு முன் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைக் கோடு தரும் வேதனை தெரியும். நான் பயன்படுத்தும் மென்பொருளிலோ உள்ளே, வெளியே, நடுவே என்று மூன்று திசைகள் உண்டு. அவற்றை ஷேப்புக்கு ஷேப் மாற்றிக்கொள்ளலாம். உடலுக்கு 'உள்ளே' என்று வைத்துவிட்டால் வானம் மேட்டுக்குள் வருவதே இல்லை.

ஆனால் அதே 'உள்ளே' விரல்களைத் தின்றுவிடும். திரையில் 6 பிக்சல் அகலமே இருக்கும் ஒரு விரலுக்கு, இருபுறமும் 4 பிக்சல் உள்நோக்கி பிளர் கொடுத்தால், நடுப்பகுதிகூட முழு வெண்மையை எட்டாது. விரல் பாதி கண்ணாடியாகிவிடும். அங்கே 'நடுவே' என்று மாற்றி, எண்ணையும் ஒன்றுக்கு அருகில் இறக்க வேண்டும். ஒரே கையில் முழங்கை ஒரு விதமாகவும் விரல்கள் வேறு விதமாகவும் இருக்க இந்த மென்பொருள் அனுமதிப்பது, நாள் முழுவதும் இதே வேலையைச் செய்பவருக்குப் பெரிய வரம்.

ஷேப்புகள் ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் இதை மென்பொருளின் கோளாறு என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். தோளுக்கு ஒரு ஷேப், மேல்கைக்கு ஒரு ஷேப் என்று வரைந்து, இரண்டையும் ஒரே கோட்டில் சந்திக்க வைத்து, இரண்டுக்கும் 'நடுவே' பிளர் கொடுத்தால், அந்தக் கோட்டில் ஒவ்வொன்றின் ஆல்ஃபாவும் (0 என்றால் முழுக்க ஊடுருவித் தெரியும், 1 என்றால் முழுக்க மறைக்கும்) 0.5தான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்கும்போது கிடைப்பது 1 அல்ல, 0.75, பெரிய மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறையாக இருந்தால் 0.5தான். தோள்மூட்டில் விளக்கு வெளிச்சம் கசிவது இதனால்தான். பிளரின் அகலத்தைவிடக் கூடுதலாக ஷேப்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வரைந்தால் தீர்ந்தது. இதற்கு எந்த மென்பொருளையும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. ரோட்டோ செய்யும்போது தானியங்கிக் கீஃப்ரேம் (மாற்றிய மதிப்பை அந்த ஃபிரேமில் தானே பதிந்துவைக்கும் வசதி) எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷேப்பின் அசைவு பதிவாகாது. இந்த மென்பொருளில் அதே பொத்தான் பிளர் எண்ணையும் ஆள்கிறது. 60ஆம் ஃபிரேமில் நின்றுகொண்டு, ஓரம் சற்றுக் கூர்மையாக இருக்கிறதே என்று 2ஐ 3ஆக மாற்றிப் பார்த்தால், உடனே அங்கே ஒரு கீஃப்ரேம் விழுகிறது. அதற்கு முந்தைய கீஃப்ரேமிலிருந்து 60 வரை பிளர் மெல்ல மெல்ல ஏறுகிறது. நிறுத்திவைத்த படத்தில் ஒன்றும் தெரியாது. ஓடவிட்டால் ஓரம் மூச்சுவிடுகிறது. எண்பது, நூறு ஷேப்புகள் உள்ள ஒரு ஷாட்டில் எந்த ஷேப்பில் இது ஒளிந்திருக்கிறது என்று கீஃப்ரேம் வரைபடத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடுவதற்குள் மதிய உணவு நேரம் போய்விடும். பாதைக்கு ஒரு பொத்தான், பிளருக்கு ஒரு பொத்தான் என்று பிரித்துவிட்டால் முடிந்துபோகும் விஷயம் இது. மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, அது வடிவமைத்தபடியே இயங்குகிறது என்று பதில் வந்தது. ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் முதலில் இதைத்தான் சோதிக்கிறேன். ஒவ்வொரு முறையும் பொத்தானின் நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

காட்சிக் குவியம் முன்னாலிருந்து பின்னால் நகரும் ஷாட்டுகளில் பிளரும் கூடவே மாற வேண்டும், அப்போது இந்தத் தானியங்கிக் கீஃப்ரேம் கைகொடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஷாட்டுகள் எத்தனை வரும்?

இன்னொன்று, அசையும் கைக்கு பிளர் எண்ணை ஏற்றாதீர்கள். பிளர் எல்லாத் திசையிலும் ஒரே அளவு பரவும், அசைவின் மங்கலோ போகும் திசையில் மட்டுமே நீளும். அதற்கு மோஷன் பிளர் தனியாக இருக்கிறது. இங்கே நாம் பெரும்பாலும் விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கிறோம். 180 பாகை ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேம் நேரத்தில் பாதி மட்டும் திறந்திருக்கும் ஷட்டர் என்றால் 1/50 விநாடி, 50 ஹெர்ட்ஸ் மின்விளக்குகளின் கீழ் படம் மினுக்காமலும் இருக்கும். அத்தகைய காட்சிகளுக்கு மென்பொருளில் 180ஐ அப்படியே விட்டுவிடலாம். வெயிலில் கைப்பேசியில், ஒளியைக் குறைக்கும் வடிகட்டி இல்லாமல், 1/1000 விநாடியில் எடுத்துக் கொடுக்கிறார்களே, அது வெறும் 9 பாகைதான். அங்கே 180ஐ வைத்தால் கூர்மையான கையைச் சுற்றி மங்கலான மேட் ஆடிக்கொண்டிருக்கும். பிளர் பிக்சல் கணக்கில் இருப்பதால், 1920×1080 முன்மாதிரியில் 2 என்று வைத்தது 3840×2160க்குப் போகும்போது 4ஆக வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மேலே எழுதியதைக் கூட்டிக் கழித்தால், வாங்குங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிளரின் திசையை இவ்வளவு வசதியாக மாற்றித் தரும் வேறொன்றில் நான் வேலை செய்ததில்லை, நானும் சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் வாங்க வேண்டாம் என்கிறேன். மூச்சுவிடும் ஓரம் ஒன்றைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன் என்பது ஒரு காரணம். மாதத்தில் ஓரிரு ஷாட்டுக்கு மட்டும் ரோட்டோ செய்யும் உங்களுக்கு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2012இல் சிஎஸ்6 பதிப்போடு வந்த மாஸ்க் ஃபெதர் கருவியே போதும் என்பது இன்னொன்று. ஓரம் நெடுக வெவ்வேறு அகலம் கொடுக்க அதில் முடியும், உள்நோக்கியும் இழுக்கலாம். ஆசை விடவில்லை என்றால், சோதனைப் பதிப்பை இறக்கி, விரல்களும் தோளும் தெரியும் ஒரு ஷாட்டை எடுத்து, பிளரை மூன்று ஃபிரேம்களில் மாற்றிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டு அழையுங்கள்.