ஹேமக்கில் தூங்க எந்தக் குட்டி ஃபேன்?

கேம்பிங் போகும்போது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணி ஊஞ்சல்தான் ஹேமக். அதுவும் தூளியும் ஒரே குடும்பம். படுத்ததும் துணி இரண்டு பக்கமும் எழும்பி உடம்பை அணைத்துக்கொள்ளும். இதமான இரவில் அதுவே சுகம். புழுக்கமான இரவில், கொசுவலையையும் இழுத்து மூடிய பிறகு, உள்ளே காற்று அசைவதே இல்லை. முதுகுக்கு அடியிலாவது கொஞ்சம் காற்று ஓடும். முகமும் மார்பும் வேர்த்துக் கொட்டும். அப்படிச் சில இரவுகள் விழித்துக் கிடந்த பிறகுதான் ஃபேன் தேட ஆரம்பித்தேன்.

கழுத்தில் மாட்டும் ஃபேனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நடக்கும்போதும் கயிறு கட்டும்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. படுத்தால் பின்கழுத்தில் அழுத்துகிறது. நண்பரிடம் வாங்கி ஒரே ஓர் இரவுதான் முயன்றேன், அதனால் இதை ஒரு இரவின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரில் இயந்திரத்தின் பேட்டரியில் ஓடும் பெரிய ஃபேன்கள் நல்ல காற்றுத் தரும். ஆனால் எடை அதிகம். வண்டி நிற்கும் இடத்திலேயே படுப்பவர்களுக்குத்தான் சரிவரும்.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, கொக்கியில் தொங்கவிடும் ஃபேன். நடுவில் விளக்கும் உள்ளே பேட்டரியும் இருக்கும். இன்னொன்று, சொந்த பேட்டரியே இல்லாத யூஎஸ்பி ஃபேன்; பவர் பேங்கில் செருகினால்தான் ஓடும். இரண்டையும் சொந்தமாக வைத்திருந்து பயன்படுத்தியவன் நான். இன்று என் பையில் இருப்பது இரண்டாவது.

முதலில் வாங்கியது விளக்கு வைத்ததைத்தான். பார்க்கவும் அது கச்சிதம்: ஒயர் கிடையாது, தலைக்கு மேலே போகும் நடுக்கயிற்றில் மாட்டினால் வேலை முடிந்தது. முதல் கோடையில் குறையே சொல்ல முடியாது. இரண்டாவது கோடையில் நள்ளிரவு தாண்டுவதற்குள் நின்றுபோனது. மூன்றாவது கோடையில் சார்ஜே ஏறவில்லை. திறந்து பேட்டரியை மாற்றலாம் என்று பார்த்தால், உள்ளே எல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, இறக்கை நன்றாக இருக்கிறது, விளக்கும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் மொத்தப் பொருளும் வீண். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது ஓடித் தேய்ந்து கெடவில்லை, சும்மா கிடந்தே கெட்டது. கேம்பிங் ஃபேன் வருடத்தில் சில வாரங்கள்தான் வெளியே வரும். கடைசிப் பயணத்தில் சார்ஜ் தீர்ந்த நிலையிலேயே அதை அலமாரியில் போட்டுவிடுகிறோம். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல மெல்ல இறங்கும். ஏற்கெனவே காலியாக இருப்பது இன்னும் இறங்கி, ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் திரும்பி வராது. முழுக்க ஏற்றி வெயில் படும் இடத்தில் வைத்தாலும் சீக்கிரம் தேயும். பாதி அளவு ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு குட்டி ஃபேனுக்காக இதை நினைவில் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

பவர் பேங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபோனுக்காக வருடம் முழுக்க அது புழக்கத்தில் இருக்கிறது. மறந்துபோக வழியே இல்லை. அதுவும் ஒருநாள் தேயும்தான். அப்போது அதை மட்டும் மாற்றினால் போதும், ஃபேன் அப்படியே இருக்கும்.

இரவு முழுக்க ஓடுமா என்று கணக்குப் பார்ப்போம். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் பவர் பேங்கில் உள்ள மின்சாரம் 37 வாட் மணி. 5 வோல்ட்டாக மாற்றும்போது வீணாவதைக் கழித்தால் கைக்கு வருவது சுமார் 30. என் ஃபேன் இரண்டாவது வேகத்தில் ஏறக்குறைய ஒன்றரை வாட் இழுக்கிறது. ஆக 20 மணி நேரம், அதாவது இரண்டு இரவு தாராளமாக வரும். பழைய ஃபேனில் இருந்தது 4,000 மில்லி ஆம்பியர் மணி; அது புதிதாக இருந்தபோதே நடுத்தர வேகத்தில் ஆறு மணி நேரம்தான் வந்தது. பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்துக்கானது என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தக் குறைந்த வேகத்தில்தான் யூஎஸ்பி ஃபேனுக்கும் ஒரு சிக்கல். இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைந்தால், எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். முதல் இரவே எனக்கு அப்படி ஆனது. தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில் காற்று நின்றது. ஒரு படி வேகத்தைக் கூட்டியதும் சரியாகிவிட்டது. இயர்ஃபோன் போன்ற சின்னப் பொருள்களுக்கென்று தனி ஏற்பாடு உள்ள பவர் பேங்குகளும் இருக்கின்றன. எதுவானாலும் கிளம்பும் முன் வீட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

மாட்டும் விதத்தில் தொங்கும் ஃபேன்தான் வசதி என்று நினைப்போம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒற்றைக் கொக்கியில் தொங்குவது ஊஞ்சலோடு சேர்ந்து ஆடும், திரும்பும். காற்று ஒரு நேரம் முகத்தில், ஒரு நேரம் வலையில். கிளிப் வைத்த யூஎஸ்பி ஃபேனை நடுக்கயிற்றில் கவ்வவிட்டு, இன்னொரு பக்கம் சின்னக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் அசையாது. கொசுவலைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வைத்தால் வலையே பாதிக் காற்றைத் தின்றுவிடும். பக்கவாட்டில் வைத்தால் எழும்பி நிற்கும் துணியில் மோதும், அதனால் கால் பக்கத்திலிருந்து தலையை நோக்கித் திருப்பி, மார்பிலிருந்து ஒரு கை தூரத்தில் வைக்கிறேன். ஒயரைக் கயிற்றோடு சேர்த்துச் சுற்றிவிட்டு, பவர் பேங்கைக் கயிற்றில் தொங்கும் பைக்குள் போடுகிறேன். உடம்புக்கு அடியில் வைக்கவே கூடாது, அழுந்தும், சூடாகும்.

வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்தித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. அதற்கு விடியும்வரை நிற்காத மெல்லிய காற்று போதும். நள்ளிரவில் நின்றுபோகும் பலத்த காற்றால் பயனில்லை. வெக்கை 35 டிகிரியைத் தாண்டினால் வெறும் காற்று சூடாகவே படும். ஈரத் துணியால் கழுத்தையும் கையையும் துடைத்துக்கொண்டு படுத்தால் வித்தியாசம் தெரியும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: 18650 என்ற உருளை பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய கிளிப் ஃபேன். பேட்டரி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், ஒயரும் தேவையில்லை. நான் வைத்துக்கொண்டு ஒரு கோடைகூடக் கழித்ததில்லை, ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு பேட்டரியில் சுமார் 10 வாட் மணிதான் இருக்கும். என் வேகத்தில் அது ஆறேழு மணி நேரத்துக்கு வரும், விடியற்காலையில் எழுந்து மாற்ற ஒன்று கூடுதலாக வேண்டும். தலைவிளக்குக்கு ஏற்கெனவே இதே பேட்டரியைப் பயன்படுத்துபவர் என்றால், என் தேர்வைவிட உங்களுக்கு இதுவே பொருந்தலாம்.