பை ரெக்கார்டிங்ஸ் ஆல்பங்கள்: சில வருஷமா கேட்டுட்டு இருக்கேன்

நியூயார்க்ல இருக்கற சின்ன ஜாஸ் லேபிள் (ஆல்பம் வெளியிடற கம்பெனி) இது, 2001ல ஆரம்பிச்சது. முதல்ல வந்ததே சாக்ஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான ஹென்ரி த்ரெட்கில்லோட ரெண்டு ஆல்பம், ஒண்ணா வெளிவந்தது. அதுலயே இவங்க எந்த ரூட்ல போகப் போறாங்கன்னு புரிஞ்சிடும். வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆல்பம் போடுவாங்க, அதனால மெதுவா ஒண்ணொண்ணா கேட்டு வர்றது சாத்தியம்.

நமக்கு ஈஸியான என்ட்ரின்னா 2008ல வந்த 'கின்ஸ்மென்' தான். ருத்ரேஷ் மகந்தப்பாவும் நம்ம கத்ரி கோபால்நாத்தும், ரெண்டு பேருமே ஆல்டோ சாக்ஸ், கூட கன்யாகுமாரி அம்மா வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம், ரெஸ் அப்பாஸி கிட்டார். ஃப்யூஷன்னு சொன்னாலே எனக்கு கொஞ்சம் அலர்ஜி, கீழ ஒரு கீபோர்டு பேடு, மேல ஒரு ஆலாபனைன்னு முடிச்சிடுவாங்க. இது அந்த ரகம் இல்ல. முதல் தடவை கேக்கும்போது எது யாரோட சாக்ஸ்னு குழம்பும். அப்புறம் காது பழகிடுச்சுன்னா கத்ரி சார் ஒரு ஸ்வரத்துல நிக்கவே மாட்டார், வழுக்கிட்டே போவார், மகந்தப்பா ஒவ்வொண்ணையும் வெட்டி வெட்டி வைப்பார்னு தெளிவா பிரிஞ்சு கேக்கும், அதுக்கப்புறம் அந்த ஆல்பத்தை விடவே முடியாது.

ஆனா இந்த லேபிளை உண்மையா ரசிக்க ஆரம்பிச்சது எப்பன்னா, ஆல்பம் பின்னாடி இருக்கற பேரெல்லாம் படிக்க ஆரம்பிச்சப்புறம் தான். ஒரே ஆளுங்க திரும்பத் திரும்ப வர்றாங்க. த்ரெட்கில்லோட ஸூயிட் குழுவுல டியூபா (அடி ஸ்வரம் தர்ற பெரிய பித்தளை ஊதுகருவி) வாசிக்கற ஹோசே டாவிலா, சாக்ஸ் கலைஞர் ஸ்டீவ் லேமனோட ஆக்டெட்லயும் (எட்டு பேர் குழு) டியூபா. லேமன்கிட்ட டிரம்ஸ் வாசிச்ச டைஷான் சோரி, பியானோ வாசிக்கற விஜய் ஐயரும் லேமனும் சேர்ந்த ஃபீல்டுவொர்க் குழுவுலயும் ('டோர்' ஆல்பம், 2008) டிரம்ஸ். ட்ரம்பெட் ஜோனதன் ஃபின்லேசன் இன்னொரு சாக்ஸ் கலைஞர் ஸ்டீவ் கோல்மன்கிட்டயும் இருக்கார், லேமன்கிட்டயும் இருக்கார். ஸூயிட்ல கிட்டார் வாசிக்கற லிபர்ட்டி எல்மன் தான் இங்க நிறைய ஆல்பத்துக்கு மிக்ஸிங்கும். அதனால பெரிய பேரைப் பிடிச்சுட்டுப் போறதை விட, பக்கத்துல வாசிக்கறவங்களை ஃபாலோ பண்ணுங்க, அடுத்து எதைக் கேக்கறதுன்னு தானா தெரியும். ஸ்ட்ரீமிங் ஆப் தர்ற சிபாரிசு எனக்கு இந்த அளவுக்கு உதவினதே இல்ல.

த்ரெட்கில் கஷ்டம், மறைக்க வேணாம். 2015ல வந்த 'இன் ஃபார் எ பென்னி, இன் ஃபார் எ பவுண்ட்' ரெண்டு சிடி, 2016ல இசைக்கான புலிட்சர் பரிசு வாங்குச்சு. வழக்கமான கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கற ஸ்வரங்கள்) வரிசை எதுவும் கிடையாது, வாசிக்கற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சில ஸ்வர இடைவெளிகளைக் கொடுத்துடுவார், அதுக்குள்ளதான் அவங்க மனோதர்மம். அதனால எப்பவும் நாலஞ்சு பேர் அவங்கவங்க வேலையைப் பார்க்கற மாதிரியே இருக்கும், எங்கயும் சாய்ஞ்சுக்க இடம் இருக்காது. வேலை பார்த்துக்கிட்டே பின்னணில ஓட விட்டா வெறும் சத்தம் தான். செல்லோ, டிரம்ஸ், டியூபா, கிட்டார்னு ஒவ்வொண்ணையும் முன்னாடி வெச்சு தனித்தனி பெரிய பகுதி இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். செல்லோ பகுதில இருந்து ஆரம்பிங்க.

ஸ்டீவ் கோல்மனோட 'ஃபங்க்ஷனல் அரித்மியாஸ்' (2013) அதுக்கு நேர் எதிர், உடம்பு தானா ஆடும். பாஸ் ஆண்டனி டிட், டிரம்ஸ் ஷான் ரிக்மன். தாளம் போட்டுப் பாருங்க, பாஸ் ஒரு கணக்குல சுத்தும், டிரம்ஸ் வேற கணக்கு, சாக்ஸ் இது ரெண்டையும் கண்டுக்காம போயிட்டு சரியான எடத்துல வந்து எடுக்கும். மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதுசே இல்ல, ஆனா கணக்கு கை விட்டுப் போயிடும்.

ஸ்டீவ் லேமன் ஆக்டெட்டோட 2009 ஆல்பம் எனக்கு டாப். ஒரு ஸ்வரத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற மேல் அதிர்வுகள்ல இருந்து ஹார்மனி எடுக்கறாங்க, வைப்ரபோனும் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கறது) டியூபாவும் சேர்றப்ப மணி அடிச்சு ஓஞ்சப்புறம் நிக்குமே, அந்த ரீங்காரம். கடைசில ராப் பாடகர் ஜிஸ்ஸாவோட (GZA) ஒரு பாட்டை எடுத்து வாசிச்சிருக்காங்க, செம.

கொறைன்னு சொன்னா, மொத்தமா பார்த்தா மூளைக்கு வேலை ஜாஸ்தி, நெஞ்சுக்கு இதமா ஒண்ணு வேணும்னா தேடணும். அந்த மூடுக்கு நான் போடறது டைஷான் சோரியோட 'கன்டின்யூயிங்' (2023), பியானோ பாஸ் டிரம்ஸ் மட்டும், நாலே டிராக், எல்லாமே நீளம், எல்லாமே நிதானம். 'ஏஞ்சல் ஐஸ்' பாட்டை அவ்ளோ மெதுவா யாரும் வாசிச்சு நான் கேட்டதில்ல.

லேமனோட 'செலெபெயோன்' (2016) மட்டும் இன்னும் செட் ஆகல. இங்கிலீஷ் ராப்போட செனகல் நாட்டு வொலோஃப் மொழி ராப், ஐடியா பிரமாதம், ஆனா சாக்ஸும் ராப்பும் மாத்தி மாத்தி வர்றப்ப எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. இதே குழுவோட 2022ல வந்த அடுத்த ஆல்பத்தைக் கேட்டுட்டு மறுபடி இதுக்கு வரணும்.