ஊசியின் எடை: டயலில் ஒன்று, தராசில் வேறு

நான்கு வருடமாக ஊசியைத் தாங்கும் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ்தான் இசைத்தட்டு கேட்கும் என் டர்ன்டேபிளில் ஓடுகிறது. ஊசி ஒருமுறை மாற்றியாயிற்று. இந்தக் காலத்தில் அதிகம் கற்றுக்கொடுத்தது கார்ட்ரிட்ஜ் அல்ல, அதைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் வால்பக்கம் மாட்டியிருக்கும் அந்த எதிர் எடை, கவுண்டர்வெயிட்.

ஊசி தட்டை அழுத்த வேண்டிய எடை என்று தயாரிப்பாளர் சொல்வது 1.8 கிராம். 1.6 முதல் 2.0 வரை போகலாம். நான் கவுண்டர்வெயிட்டில் இருக்கும் எண் டயலை 1.6-இல் வைத்தேன். ஊசி எவ்வளவு லேசாக உட்காருகிறதோ, தட்டுக்கு அவ்வளவு நல்லது என்று நினைப்பு. புதிதாக வாங்குபவர்கள் பலருக்கும் இந்த நினைப்பு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பாட்டு தேன் மாதிரி இருக்கும். பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்ததும் பாடகியின் 'ஸ' எல்லாம் 'ஷ்ஷ்' என்று பிசிறடிக்கும். தட்டில் அழுக்கு என்று கழுவினேன். ஊசியைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன். கடைசிப் பாட்டில் மட்டும் ஏன் என்று யோசித்திருந்தால் கொஞ்சம் செலவு மிச்சமாகியிருக்கும். எல்பி தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசிக்கு அடியில் தடம் ஓடும் வேகம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர், உள்ளே போகப்போக 20 சொச்சம். அதே ஒலியலைகள் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து நிற்கும். ஊசிக்கு அழுத்தம் போதாவிட்டால் முதலில் பிடி நழுவுவது அங்கேதான். நழுவும் ஊசி தடத்தின் சுவரில் மோதி மோதித்தான் போகும். தட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நான் செய்துகொண்டிருந்தது அந்த வேலை.

ஒருவழியாக 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். ஊசியை வைத்ததும் 1.27 என்றது. டயலில் 1.6! தராசுதான் பழுது என்று உடன் வந்த 5 கிராம் கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாகவே காட்டியது. தவறு என்னுடையது. டோன்ஆர்மைச் சமநிலைக்குக் கொண்டுவந்தபோது ஊசியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்திருக்கிறேன். மூடியின் எடையும் முன்பக்கம் சேர்ந்ததால் கவுண்டர்வெயிட் கூடுதலாகப் பின்னால் போய்விட்டது. டயலுக்கு இது எப்படித் தெரியும்? அது சும்மா ஒரு வளையம். நாம் எதைப் பூஜ்யம் என்கிறோமோ அதிலிருந்து எண்ணும், அவ்வளவுதான்.

இப்போது செய்யும் முறை: மூடியைக் கழற்றி, கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, கை கிடைமட்டமாக மிதக்கும்வரை வெயிட்டைத் திருகுவேன். பிறகு வெயிட்டை அசைக்காமல் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்பி, இரண்டையும் சேர்த்துச் சுற்றி 1.8-க்குக் கொண்டுவருவேன். கடைசி வார்த்தை தராசுடையது. ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணுக்கு வைத்துவிட்டால் ஆரம்பத்துக்குப் போதும்.

தராசு வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். எடைபோடும் மேடை இரும்பாக இருக்கக் கூடாது, கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்தம் இழுத்து எண்ணைக் கெடுக்கும். எம்சி (மூவிங் காயில்) வகைக் கார்ட்ரிட்ஜில் இந்தத் தொல்லை அதிகம். இரண்டாவது, மேடை தட்டின் உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். பல டோன்ஆர்ம்களில் உயரம் மாறினால் எடையும் சற்று நகரும்.

பிசிறு போயிற்றா? பெரும்பாலும். மூன்று தட்டுகளில் மட்டும் அந்த 'ஷ்ஷ்' அப்படியே இருக்கிறது. பழைய எடையில் நான் அதிகம் ஓட்டியவை அவைதான்.

1.9 கூட முயன்றேன், என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2.0-ஐத் தாண்டியதில்லை. ஊசி பொருத்திய சிறு தண்டான கேன்டிலிவரைத் தாங்கும் ரப்பர் தளர்ந்துபோனால் மறுபடி ஊசிச் செலவு. ஊசி மாற்றிய அன்றும், தட்டுக்கு அடியில் விரிக்கும் மேட் மாற்றிய அன்றும் மறக்காமல் தராசை எடுப்பேன். மற்றபடி மாதம் ஒருமுறை பார்ப்பதெல்லாம் எடைக்காக இல்லை, அந்த 1.80-ஐப் பார்க்கும் ஆசைக்குத்தான்.