ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம்: இதய மறுவாழ்வு வகுப்பில் எனக்குக் கிடைத்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. அப்போது வாரத்துக்கு இரண்டு நாள் என்று எட்டு வாரம் இதய மறுவாழ்வு வகுப்புக்குப் போனேன். டிரெட்மில், சைக்கிள் எல்லாம் இருந்தன. ஆனால் இன்றுவரை எனக்கு உதவுவது அங்கே உட்கார்ந்து பேசிய பேச்சுதான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரைச் சீட்டும் ஒரு துண்டுத்தாளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டில் மாடிப்படி ஏறவே பயம். வாயு பிடித்தால்கூட மறுபடி வந்துவிட்டதோ என்று இரவெல்லாம் விழித்திருப்பேன்.

வகுப்பில் இருந்த சிஸ்டர், சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்கவே மாட்டார். "அங்கிள், இப்போ நெஞ்சு வலிக்குது, வீட்டில் நீங்க மட்டும்தான். என்ன செய்வீங்க?" என்பார். முதல் நாள், கார் சாவியைத் தேடுவேன் என்றேன். அவர் பொறுமையாகத் திருத்தினார்: முதலில் உட்கார வேண்டும். நெஞ்சு வலிக்குக் கொடுத்திருக்கும் ஸ்பிரே ரத்தக்குழாயை விரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், நின்றபடி அடித்தால் மயங்கி விழலாம். நாக்குக்கு அடியில் ஒரு தடவை, 5 நிமிடம் பொறுக்க வேண்டும், வலி அடங்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு, 10177-க்கு போன். காரை நாமே ஓட்டக் கூடாது. ஒவ்வொரு வாரமும் இதை என் வாயாலேயே சொல்ல வைத்தார். ஏன் என்று தெரிந்ததாலோ என்னவோ, பயம் பாதி குறைந்தது.

மூன்றாவது வாரம் மனைவியையும் வரச் சொன்னார்கள். என்னை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடாமல் வைத்திருந்தவள் அவள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்று அவளிடம்தான் சொன்னார்கள். இப்போதும் கடற்கரை நடைபாதையில் நான் பதில் சொல்லத் திணறினால் அவள் நடையைக் குறைத்துவிடுவாள். தாம்பத்தியம் பற்றி நாங்கள் வாயே திறந்திருக்க மாட்டோம். சிஸ்டரே ஆரம்பித்தார்: வலியில்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பொதுவாகப் பயமில்லை, ஆனால் ஸ்பிரே வைத்திருப்பவர் வயாகரா பக்கம் போகவே கூடாது.

சாப்பாட்டில் எனக்குப் புதிதாக இருந்தது ரொட்டி. 2016 முதல் இங்கே ரொட்டியின் உப்புக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. இருந்தாலும் பாதி ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றும் பனி சௌவைச் சாப்பிட்டால், கறி உப்போடு ரொட்டி உப்பும் சேரும். புரட்டாசியில் கறி இல்லை என்று நிம்மதியாக ஊறுகாய் போட்டுக்கொள்வதும் அதே கணக்குதான்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. எட்டு வாரம் முடிந்ததும் யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் வருடம் தொடை வலித்ததால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். நாலு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில்தான் டாக்டருக்குத் தெரிந்தது. அதே வகையில் (ஸ்டாட்டின்) வேறு மாத்திரைக்கு மாற்றினார், வலி போய்விட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு போன் வந்திருந்தால் அந்த நாலு மாதம் வீணாகியிருக்காது. சேருகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்: வகுப்பு முடிந்த பிறகு சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? அந்த எண்ணை மாத்திரை டப்பாவில் ஒட்டி வையுங்கள்.