இணையவழி வீணை வகுப்பில் சேரும் முன் கவனியுங்கள்

வீணை ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்காக இணையவழி வகுப்புத் தேடும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது தேனி மாவட்டத்தில். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவையே பொதுவாகக் கற்பிக்கப்படுகின்றன. வீணைக்கு மதுரை, திருவையாறு போன்ற ஊர்களிலுள்ள அரசு இசைக் கல்லூரிகளைத்தான் நாட வேண்டும். பள்ளிக்குப் போகும் சிறுமிக்கு அது நடக்கிற காரியமன்று. இந்த இல்லாமையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்தான் விளம்பரத்தோடு வருகிறார்கள்.

அப்படியொரு விளம்பரத்தைப் பார்த்து என் மகளை ஓர் இணையவழி வீணை வகுப்பில் சேர்த்தேன். மாதிரி வகுப்பை எடுத்த அம்மையார் உண்மையிலேயே தேர்ந்தவர். என் மகளைப் பாடச் சொல்லிக் கேட்டு, சுருதி விலகிய இடத்தில் நிறுத்தித் திருத்தினார். ஆனால் ஓராண்டுக் கட்டணத்துக்கு ஏற்பாடு முடிந்ததும், பெரிய குழு ஒன்றில் சேர்த்து வேறொரு இளைஞரிடம் விட்டுவிட்டார்கள். அந்த அம்மையாரை மறுபடி பார்க்கவே இல்லை. இளைஞர் எல்லாருடைய மைக்கையும் அணைத்துவிட்டுத் தாம் மட்டும் வாசிப்பார். இணையத்தில் ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து வாசிக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். அது உண்மைதான், அதனால்தான் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். வீணையில் ஒரே மெட்டின் (தந்திகளுக்குக் கீழே குறுக்காகப் பதித்த உலோகக் கட்டையின்) மேல் தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பிறப்பிக்கிறோம். எவ்வளவு இழுத்தால் சுரம் நிற்கும் என்பதைக் காதுள்ள ஒருவர் கேட்டுச் சொல்லாவிட்டால், தவறான இழுப்பே கைப்பழக்கமாகிவிடும். போதாக்குறைக்கு, செயலியின் இரைச்சல் நீக்கும் வசதி தம்பூரா ஒலியையும் மீட்டின் நீண்ட கார்வையையும் இரைச்சலாகக் கருதி வெட்டிவிடும். அதை நிறுத்திவைக்கச் சொல்லக்கூட அங்கே எவரும் இல்லை.

வகுப்போடு சேர்த்து அவர்களே விற்ற வீணை இன்னொரு கூத்து. பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்து மீட்டினால், திறந்த தந்தியின் சுரமே ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். இதில் அது தெளிவாகத் தாழ்ந்து ஒலித்தது. மெட்டுகளைச் சுரத்துக்கேற்ற இடத்தில் மெழுகில் பதிப்பதை மேளம் கட்டுவது என்பார்கள்; அது கைதேர்ந்தவரின் வேலை. முறையிட்டபோது, "வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும் சார்" என்றார்கள். இடம் மாறிப் பதிந்த மெட்டு வாசிப்பினால் நகர்ந்து சரியாகும் என்பதை நான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன். வீணையை நேரில் பார்த்து, தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

இவற்றையெல்லாம் விடக் கவலைக்குரியது கட்டணம் வசூலித்த முறை. மாதத் தவணை என்று பேசிவிட்டு, "சேர்க்கையை உறுதிசெய்ய" என்று ஓடிபி கேட்டார்கள். அது உண்மையில் ஒரு நிதி நிறுவனத்திடம் என் பெயரில் கடன் பெறுவதற்கான ஒப்புதல். முழுத்தொகையும் வகுப்பு நடத்துபவருக்கு முன்கூட்டியே போய்விட்டது. வகுப்பை நிறுத்தினாலும் என் வங்கிக் கணக்கிலிருந்து தவணை பிடிக்கப்படுகிறது. தவணையை நிறுத்தினால், கடனை ஒழுங்காகச் செலுத்துகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெடும் என்று நிதி நிறுவனத்தார் சொல்கிறார்கள். கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற வரி, பணம் கட்டிய பிறகு வந்த மின்னஞ்சலில்தான் இருந்தது.

ஆகவே மாதந்தோறும் நேரடியாகக் கட்டணம் வாங்குபவரிடம் மட்டும் சேருங்கள். மாதிரி வகுப்பு எடுத்தவரே தொடர்ந்து கற்பிப்பார் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை. விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ஓடிபி வந்த குறுஞ்செய்தி, வங்கி அறிக்கை ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். நான் அவற்றை இணைத்துத்தான் மனு அளித்திருக்கிறேன். தவறாக மேளம் கட்டிய வீணையின் ஒலிப்பதிவும் அதில் உண்டு.