பிள்ளைகளின் வினாடி வினாவுக்கு 9,500 ரூபா பஸர் செட்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், வாங்க நினைக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். 9,500 ரூபா. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு எலெக்ட்ரிக் சாமான் கடையில் வாங்கினேன், 11,000 என்று தொடங்கினார்கள், பேசி இறக்கினேன். பதில் தெரிந்தவர் முதலில் அமத்துவதற்கு, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று உள்ளங்கை அளவில் நான்கு பட்டன், நடுவில் வைக்க ஒரு பெட்டி, ஒவ்வொரு பட்டனுக்கும் மூன்று மீற்றர் அளவில் வயர். பெட்டிக்கு டபிள் ஏ பற்றரி நான்கு வேண்டும், அது செட்டோடு வராது.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், ஞாயிறு பின்னேரம் கார்கள் வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து, பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி வைக்கிறோம். தரம் ஆறு முதல் தரம் பத்து வரை பன்னிரண்டு பதின்மூன்று பேர் வருவார்கள். இவ்வளவு நாளும் கை உயர்த்துகிற முறைதான். யார் முதலில் உயர்த்தியது என்று கேள்விக்குக் கேள்வி ஒரு வழக்கு. சத்தமாக "சேர், சேர்" என்று கூப்பிடுகிற பிள்ளைக்கும் முன்வரிசையில் இருக்கிற பிள்ளைக்கும்தான் வாய்ப்புப் போய்க்கொண்டிருந்தது, பின்னால் இருக்கிற பிள்ளை பதில் தெரிந்தும் சும்மா இருந்துவிட்டுப் போகும். அது எனக்கு நெடுநாளாக மனதை உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

பஸர் வாங்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவரைப் பார்த்துத்தான். அமெரிக்காவின் ஜெப்பர்டி என்கிற தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தொடங்கி 32 ஆட்டம் தொடர்ந்து வென்றவர். லாஸ் வேகாஸில் விளையாட்டுப் பந்தயம் கட்டுவதைத் தொழிலாகச் செய்தவர், அந்தக் கணக்கு மூளையை அப்படியே வினாடி வினாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே பலகையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தொகை போட்டிருக்கும். மற்றவர்கள் சின்னத் தொகைக் கேள்வியிலிருந்து மெல்ல இறங்கி வர, இவர் அடியில் இருக்கிற பெரிய தொகைக் கேள்விகளை முதலில் எடுத்துக் கையில் பணத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகு டெய்லி டபிள், அதாவது கையில் இருப்பதைப் பந்தயமாக வைக்கக்கூடிய கேள்வி, வந்ததும் பெரும்பாலும் இருப்பதையெல்லாம் அதில் வைப்பார். ஒரே ஆட்டத்தில் வெல்லும் தொகையில் அதுவரை இருந்த சாதனை 77,000 டொலர், 2010இல் ரோஜர் கிரெய்க் வைத்தது. ஹோல்ஸ்ஹவர் தன் நான்காவது ஆட்டத்திலேயே 110,914 டொலர் எடுத்தார். அந்த எண் தற்செயல் இல்லை, மகள் பிறந்த திகதி: 11ஆம் மாதம் 9ஆம் நாள், 2014. அடுத்த வாரமே 131,127 டொலர் எடுத்து அதையும் தாண்டினார்.

இதையெல்லாம் யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு போகும்போது எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அந்த மேடையில் நிற்கிற மூன்று பேருக்கும் அநேகமான பதில்கள் தெரியும். முகத்தைப் பார்த்தாலே விளங்கும், கைப்பிடியை அமத்து அமத்தென்று அமத்திவிட்டு, வாய்ப்புக் கிடைக்காமல் பெருமூச்சு விடுவார்கள். அங்கே வித்தியாசம் நேரம்தான். கேள்வியை முழுவதும் வாசித்து முடித்த பிறகு, மேடைக்கு வெளியே இருக்கிற ஒருவர் சுவிட்சைப் போடுவார், பலகையின் இரு பக்கமும் லைட் எரியும், அதன் பிறகுதான் பஸர் வேலை செய்யும். அதற்கு முன்னால் அமத்தினால் கால் செக்கன் பூட்டிவிடும். கால் செக்கன் என்பது நமக்கு ஒன்றுமில்லாத நேரம், அங்கே அது போதும் பக்கத்தில் நிற்கிறவர் முந்துவதற்கு. 1984இல் அலெக்ஸ் டிரெபெக்கை நடத்துநராகக் கொண்டு நிகழ்ச்சி மறுபடி தொடங்கிய முதல் வருடத்தில் இந்த விதி இல்லை, கேள்வி முடியுமுன்னே அமத்தலாம். அடுத்த வருடமே மாற்றினார்கள், நல்ல காரியம் செய்தார்கள்.

சரி, செட்டுக்கு வருகிறேன். அடிப்படை வேலையைச் சரியாகச் செய்கிறது. முதலில் அமத்தியவரின் பட்டனில் லைட் எரியும், பெட்டி ஒரு தரம் கத்தும், மற்ற மூன்றும் அப்படியே செத்துவிடும், நடத்துகிறவர் பெட்டியில் இருக்கிற ரீசெட்டை அமத்தினால்தான் திரும்ப உயிர் வரும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அறைந்து பார்த்தேன், முப்பது நாற்பது தடவை, ஒருநாளும் இரண்டு லைட் சேர்ந்து எரியவில்லை. சத்தம்தான் அதிகம். கீழ்த்தளம் நாலு பக்கமும் சீமெந்து என்பதால் இரண்டாம் மாடி அன்ரி இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். ஸ்பீக்கர் ஓட்டையின் மேல் பிளாஸ்டர் ஒட்டிய பிறகு பரவாயில்லை.

மஞ்சள் பட்டன் இரண்டாவது வாரமே மக்கர் பண்ணியது. அமத்தினால் உள்ளே போகும், திரும்பி மேலே வராது, ஒரு பக்கம் சரிந்து நிற்கும். கடைக்குக் கொண்டுபோனேன், பெட்டியைத் திறந்து பாவித்த சாமானை மாற்றித் தர ஏலாது என்றார்கள். வாங்கும்போது ஒரு மாதத்துக்குள் மாற்றலாம் என்று வாயால் சொன்னார்கள், பில்லில் எழுதவில்லை, நானும் எழுதிக் கேட்கவில்லை. வீட்டில் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் வளைந்திருந்தது. பழைய போல் பேனாவின் ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போட்டேன், இன்றுவரை வேலை செய்கிறது, ஆனால் இவ்வளவு விலைக்கு அதை நான் செய்யவேண்டி வந்திருக்கக்கூடாது.

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, வாங்குகிற எவரும் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும். கேள்வி முடியுமுன் அமத்துகிறவருக்கு இந்தச் செட்டில் தண்டனை இல்லை. முதல் ஞாயிறு நான் கேட்ட கேள்வி: "இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி எந்தக் குடாவில் கடலோடு கலக்கிறது?" நான் "மிக நீளமான" என்று சொல்லி முடிக்கவில்லை, சிவப்புப் பட்டன் எரிந்துவிட்டது, பிள்ளை "மகாவலி!" என்று கத்துகிறான். மற்றவர்களின் காதில் கேள்வியே விழவில்லை. ரீசெட்டை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு கேள்வியை வாசித்து, முடிந்ததும் விடலாம் என்று பார்த்தேன், பிடித்திருக்கும் வரை ஒரு பட்டனும் வேலை செய்யாது. அதற்கும் பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள், கேள்வி தொடங்கும்போதே பட்டனை அமத்திப் பிடித்தபடி இருந்தால், நான் விரலை எடுத்த அந்தக் கணமே லைட் எரிகிறது. ஜெப்பர்டியின் கால் செக்கன் பூட்டு எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

எங்கள் தொடர்மாடியில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். "அண்ணை, இதுக்குள்ளே இருக்கிற சிப்பை மாத்த ஏலாது, வேறை போடுவம்" என்று சொல்லி, ஆர்டுவினோ என்கிற, நாம் சொல்கிறபடி வேலை செய்ய வைக்கக்கூடிய சின்ன எலெக்ட்ரானிக் போர்ட் ஒன்றை வைத்து, பட்டன்களையும் பெட்டியையும் அப்படியே விட்டு, இரண்டு இரவில் வேலையை முடித்துவிட்டார். இப்போது நான் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினால் பச்சை லைட் எரியும், அதற்கு முன் அமத்துகிற பட்டன் பூட்டிக்கொள்ளும், பிடித்துக்கொண்டே இருந்தால் கையை எடுக்கும் வரை திறக்காது. கால் செக்கன் வைத்துப் பார்த்தோம், பிள்ளைகளுக்கு அது உறைக்கவில்லை, அரைச் செக்கன் ஆக்கினோம். போர்டுக்கும் சில்லறைச் சாமானுக்கும் இன்னும் 2,800 ரூபா போனது, தம்பி கூலி வாங்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அதே கேள்வியைத் திரும்பப் போட்டேன். தரம் எட்டில் படிக்கிற பிள்ளை ஒருத்தி, இத்தனை மாதத்தில் நாலு தடவை வாய் திறந்திருப்பாளோ தெரியாது, நீலப் பட்டனுக்கு மேல் விரலை ஒரு அங்குல உயரத்தில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்க்காமல் பச்சை லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு முந்திப் பூட்டிக்கொண்டது. லைட் எரிந்ததும் நீலம். "கொட்டியாரக் குடா, திருகோணமலை" என்றாள். அந்தப் பின்னேரம் அவள் ஏழு கேள்விக்குப் பதில் சொன்னாள். அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஹோல்ஸ்ஹவரின் ஓட்டம் முடிந்த விதத்தையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன், அது எனக்கு வென்ற ஆட்டங்களைவிடப் பிடித்தது. ஜூன் 3ஆம் திகதி ஒளிபரப்பான ஆட்டத்தில் எம்மா பெட்சர் வந்தார், சிகாகோ பல்கலைக்கழக நூலகர், ஜெப்பர்டிக் கேள்விகளையே வைத்து முதுமாணி ஆய்வு எழுதியவர். அவரும் துணிந்து பெரிய தொகை வைத்தார். கடைசிக் கேள்வி ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்தோபர் மார்லோவைப் பற்றியது, மேடையில் நின்ற மூவரும் சரியாக எழுதினார்கள். பெட்சர் 46,801, ஹோல்ஸ்ஹவர் 24,799. ஹோல்ஸ்ஹவர் பிழை விட்டுத் தோற்கவில்லை, வந்தவர் நன்றாக ஆடினார், அவ்வளவுதான். வென்ற 32 ஆட்டத்தில் அவர் சேர்த்தது மொத்தம் 2,462,216 டொலர். கென் ஜெனிங்ஸ் 2004இல் 74 ஆட்டத்தில் சேர்த்த தொகைக்கு 58,484 டொலர்தான் குறைவு.

ஹோல்ஸ்ஹவர் போட்டிக்குத் தயாரானது நூலகத்தில் சிறுவர் பகுதிப் புத்தகங்களைப் படித்து. படமும் சுருக்கமும் இருப்பதால், தெரியாத துறை சட்டென்று பிடிபடும் என்று சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே கொழும்பு பொது நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். இரண்டு சனிக்கிழமை போய்விட்டோம், எங்கள் வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கிறது, அடுத்தது அங்கே.

வாங்கலாமா என்றால், போர்ட் மாற்றித் தர ஆள் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் முந்தி அமத்தினால் பூட்டுகிற செட்டா என்று கேட்டு, கடையிலேயே பட்டனைப் பிடித்தபடி ரீசெட்டை விட்டுப் பாருங்கள். நான்கு பட்டனையும் பத்துப் பத்துத் தடவை அமத்துங்கள், மாற்றித் தருவோம் என்றால் பில்லில் எழுதி வாங்குங்கள். மூன்று மீற்றர் வயர் கீழ்த்தளத்துக்குப் போதும், பாடசாலை மண்டபத்துக்குப் போதாது. பற்றரி எங்களுக்கு ஆறு ஞாயிறு வந்தது.